தனசேகர் பொறுக்கிய பிணங்கள்

கோமதி செத்த குட்டியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அழுதாள். சிங்கி இறால் குட்டி. சுண்டுவிரல் நீளம்தான். மீசை இரண்டும் அவள் மணிக்கட்டைத் தாண்டித் தொங்கின. கண் இருந்தது, கால் எல்லாம் இருந்தது, வால் விரிந்தபடி இருந்தது. ஒரு குறையும் இல்லாத பிணம்.

"போச்சிடி செசிலி. நேத்து சாயங்காலம் என் கண்ணு முன்னால மட்டி துன்னுச்சி. காலைல வந்து பாத்தா மல்லாந்து கெடக்குது."

நான் அதை இரண்டு விரலால் தூக்கினேன். எடையே இல்லை. வேர்க்கடலைத் தோலைத் தூக்கின மாதிரி இருந்தது. ஜன்னல் பக்கம் காட்டினால் வெளிச்சம் உள்ளே புகுந்து அந்தப் பக்கம் வந்தது. முதுகில், தலை முடிகிற இடத்தில் ஒரு வெடிப்பு. தொட்டிக்குள் குனிந்து, ஒளிய இடமாகப் போட்டிருந்த கூரை ஓட்டுத் துண்டை லேசாக நகர்த்தினேன். அதன் அடியில் வெளிறிப்போன ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாளைவிடக் கொஞ்சம் பெரிசாக.

"அழுவறத நிறுத்து. உன் பொணம் உள்ள உக்காந்துக்கினு உன்னயே பாக்குது."

கோமதி எட்டிப் பார்த்தாள். முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். "அப்போ இது இன்னாது?"

"அது கழட்டிப் போட்ட சட்டை."

பாம்புக்கு உண்டு, நண்டுக்கு உண்டு, இதற்கும் உண்டு. உடம்பு வளர்ந்தால் பழைய ஓடு பற்றாது. அதை மீசை நுனி வரைக்கும் முழுசாக உரித்துப் போட்டுவிட்டு, புது ஓடு கெட்டியாகிற வரைக்கும் ஒளிந்திருக்கும். குட்டியாக இருக்கும்போது அடிக்கடி உரிக்கும். பயிற்சி வகுப்பில் சார் இதைப் படம் போட்டுக் காட்டினார். கோமதி அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். நானும் பாதி வகுப்பு தூங்கினவள்தான். இது நான் விழித்திருந்த பாதியில் வந்தது.

அந்தச் சட்டையால்தான் எங்கள் கொட்டகையே போகப் பார்த்தது. அதற்குக் காரணம் கடவுள் இல்லை, தனசேகர்.

யாருடைய கொட்டகை

போன வாரம் இந்தப் பத்தியில், சேதராப்பட்டு கம்பெனியில் சூப்பர்வைசரைத் திட்டிவிட்டு வேலையை விட்டதை எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் நாத்தனார் போன் செய்து, "அண்ணி, கொஞ்சம் மரியாதையா எழுதக் கூடாதா" என்றாள். கூடாது. மரியாதை வேண்டுமென்றால் நாலு பக்கம் தள்ளி ஆன்மிகம் வருகிறது, அதைப் படிக்கட்டும்.

வேலையை விட்டு வந்தவளை மகளிர் குழுவில் சேர்த்தது கோமதி. பாகூர் பக்கம், கடலுக்கு நடந்தே போகிற தூரத்தில் எங்கள் ஊர். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் கடற்கரைக்காரிகள் இல்லை. நான் பிறந்தது வில்லியனூர் பக்கம், மாதா கோயில் தெரு. அவள் பிறந்தது அபிஷேகப்பாக்கம், நெல் வயலுக்கு நடுவில். கடல் ஜீவனைக் குழம்பில் கொதிக்கும்போது பார்த்ததோடு சரி. அப்படிப்பட்ட எங்களுக்குத்தான் மீன்வளத் துறையில் பயிற்சி கொடுத்து, உயிரோடு வளர்க்கச் சொன்னார்கள்.

கழிமுகத்தை ஒட்டி ஊருக்குப் பொதுவாக ஒரு கொட்டகை. உள்ளே இரண்டு சிமெண்ட் தொட்டி. எப்போதோ யாரோ இறால் குஞ்சு பொரிக்கக் கட்டிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு பல வருஷமாக அதில் தனசேகரின் பந்தல் கம்பமும் சாமியானாத் துணியும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான் குடியிருந்தன. அவர் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பந்தல் போடுகிறவர். ஊர்ப் பொதுக் கொட்டகை தன் அப்பன் கட்டினது என்று அவரே நம்ப ஆரம்பித்திருந்தார்.

குழு கேட்டதும் ஊர்க்கூட்டத்தில் பெரிய சண்டை. கடைசியில் இப்படி முடிவானது: குட்டிகளை விட்டு வளர்க்கட்டும், பயிற்சி கொடுத்த சார் வந்து எண்ணட்டும். விட்டதில் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால் கொட்டகை குழுவுக்கு. இல்லாவிட்டால் கம்பமும் நாற்காலியும் திரும்ப உள்ளே வரும், நாங்கள் வெளியே.

இதில் கோமதிக்கு ஒரு தனி வேதனை. தனசேகர் அவள் புருஷனுக்குக் கூடப் பிறந்த அண்ணன். எங்கள் பக்கத்தில் மூத்தாரிடம் முகம் பார்த்துப் பேசாத பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். கோமதி பெண்ணுக்கே கல்யாணமாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் கோமதி அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசினதில்லை. பேச ஒன்றும் இல்லாமல் இல்லை. சொல்ல வேண்டியதைத் தூணிடம் சொல்வாள், கட்டிப்போட்ட ஆட்டிடம் சொல்வாள். கொட்டகை வந்த பிறகு தொட்டியிடம் சொன்னாள்.

தனசேகர் தினமும் காலையில் வருவார். கொட்டகைக்குப் பின்னால் வெயிலில் கிடக்கிற கம்பத்தைப் பார்க்கிற சாக்கு. "இன்னாமா, குட்டிங்க இருக்குதா, போயிடுச்சா?" என்று என்னிடம் கேட்பார்.

கோமதி தொட்டிக்குள் குனிவாள். "ஏ குட்டிங்களா, கம்பத்த மழைல நனைய வுடாம அவங்கவங்க வூட்டுத் தோட்டத்துல எடம் பாக்கணும். ஊரான் கொட்டாயிக்கு ஆசப்படக் கூடாது."

"யாருகிட்ட பேசுது இது?" என்பார் அவர்.

"இறாலுகிட்ட அண்ணே" என்பேன்.

களை வரும் சார்

சார் சின்ன வயசு. கண்ணாடியில் எப்போதும் உப்பு படிந்திருக்கும். இந்த அகலத்துக்கு இவ்வளவு குட்டிதான் விட வேண்டும், மேலே ஒன்றுகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குட்டிகளைப் பையிலிருந்து தொட்டியில் இறக்கினார். அவை ஓட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. தொட்டி வெறும் தண்ணீராகத் தெரிந்தது.

கோமதிக்குத் தாங்கவில்லை. "இவ்ளோ பெரிய தொட்டிக்கு இத்தினியா? நாத்த இப்படித் தள்ளித் தள்ளி நட்டா நடுவுல களை வரும் சார்."

"இதுல களை வராதுக்கா."

"வராதுன்னு நீங்க சொல்றீங்க."

நடவு கை சும்மா இருக்குமா. அந்தச் சமயம் பார்த்து, குப்பத்து ஆட்கள் வலையில் மாட்டின சிங்கிக் குட்டிகளை வாளியில் கொண்டுவந்தார்கள். வழக்கமாகத் தூக்கிக் கடலில் எறிகிறவர்கள். "நீங்கதான் வளக்கறீங்களாமே, வெச்சிக்குங்க" என்றார்கள். நான் கரண்ட் மோட்டார் பார்க்கப் போயிருந்தேன். கோமதி ஒரு வாளியை வாங்கினாள். மறுநாள் இன்னொன்று. வீடு தேடி வந்ததை எப்படி வேண்டாம் என்பது என்று வாதம் வேறு. சார் அடுத்த தடவை வந்தபோது தலையில் கை வைத்துக்கொண்டு அவற்றையும் கணக்கில் சேர்த்தார். பாதி என்பது ரொம்பப் பெரிய பாதி ஆகிவிட்டது.

பிறகுதான் நிஜமான சாவு வந்தது. அது எப்படி இருக்கும் தெரியுமா? முழுசாக இருக்காது. காலையில் தொட்டியின் அடியில் ஒரு கால், ஒரு மீசைத் துண்டு, அவ்வளவுதான். சட்டை உரித்தவன் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். பக்கத்தில் பசியோடு இன்னொன்று இருந்தால் விடியும்போது அவன் இல்லை. முழுசாகச் சட்டை கிடந்தால் பிழைத்தது. துண்டு துண்டாகக் கிடந்தால் போனது. இதைக் கற்றுக்கொள்வதற்குள் என் தொண்டை கிழிந்தது.

"வாளி வாளியா வாங்கினியே, இப்ப அதுங்களே களை எடுத்துக்கினு இருக்குது, பாரு" என்று கத்தினேன்.

கத்திவிட்டு நான் செய்த வேலையையும் சொல்கிறேன். ஒன்றை ஒன்று கடிக்கிறதா, தனித்தனியாகப் போடு என்று, காய்கறிக் கூடைகளை வாங்கிவந்து ஆளுக்கு ஒரு அறை கொடுத்தேன். எனக்கு யாராவது தனி அறை கொடுத்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். இந்தக் கழுதைகள் தின்னவில்லை. மட்டியைத் தொடாமல் மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. சார் வந்து சிரித்தார். இவை கூட்டமாக இருந்தே பழகினவை, பக்கத்தில் ஆள் இருந்தால்தான் தைரியமாக வெளியே வந்து தின்னும் என்றார்.

பிறகு அவர் சொன்னபடி இரண்டாவது தொட்டியைக் கழுவி, பெரிசை ஒன்றிலும் சிறிசை இன்னொன்றிலும் பிரித்து விட்டோம். உடைந்த ஓடு, வெட்டின பிவிசி குழாய் எல்லாம் போட்டு எல்லோருக்கும் ஒளிய இடம் செய்தோம். தீனியைக் கூட்டினோம்.

சேதராப்பட்டில் ஷிப்ட் முடிந்து பஸ் இல்லாத நாளில் பெண்கள் எல்லோரும் ஒரே அறையில் படுப்போம். காலை நீட்டினால் இன்னொருத்தி தலை. அதற்காக ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. கேன்டீனில் குழம்பு தீர்ந்துபோன அன்றைக்குத்தான் வரும். ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி என் முடியைப் பிடித்ததும் அப்படி ஒரு நாளில்தான். மறுநாள் அவளே எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். இறால் எண்ணெய் தேய்க்காது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

புண்ணியம் சேர்த்த சனிக்கிழமை

பகலில் அவை ஓட்டை விட்டு வராது. அதனால் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம்தான் சாப்பாடு. மட்டிச் சிப்பியை உடைத்து, கணவாயைச் சின்னத் துண்டாக நறுக்கி, பரவலாகப் போட வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் தடியன் மட்டும் தின்பான். காலையில் மிச்சத்தை வலைக்கரண்டியால் அள்ள வேண்டும். மிச்சமே இல்லையென்றால் அன்றைக்குக் கூட்டு. நிறைய மிஞ்சினால் குறை. என் கை நாற்றத்துக்கு என் புருஷன் கட்டிலின் அந்த ஓரத்துக்குப் போய்விட்டார். அதுவும் நல்லதுதான்.

புரட்டாசி வந்தது. கோமதி பெருமாளுக்கு விரதம். மாசம் முழுக்க மீனைத் தொடமாட்டாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்று, "அந்த மூலைக்குப் போடுடி, அங்க ரெண்டு பட்டினி கெடக்குது" என்று எனக்கு வேலை சொல்வாள். ஊரில் பாதி வீட்டில் மீன் இல்லை. அதனால் குப்பத்தில் மட்டியும் கணவாயும் கேட்காமலே கிடைத்தன. ஊர் விரதம் இருந்த மாசத்தில் எங்கள் தொட்டி மட்டும் கவிச்சியாகத் தின்று கொழுத்தது.

அப்படியே விட்டிருக்கலாம். ஒரு சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போன பெண்கள் திரும்பும் வழியில் குட்டிகளைப் பார்க்க வந்தார்கள். கையில் பொரி. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டே பழகின கை. வாயில்லா ஜீவனைப் பார்த்ததும் தானாக வீசியது. நான் அன்றைக்குத் திருப்பலிக்கு வில்லியனூர் போயிருந்தேன். கோமதி தடுக்கவில்லை. அவளும் ஒரு கை போட்டாள்.

சிங்கி இறாலுக்குப் பொரி எதற்கு? அது ஊறி, நொதித்து, காலையில் தண்ணீர் வடித்த கஞ்சி மாதிரி இருந்தது. ஓட்டுக்கு அடியில் இருக்க வேண்டியவை எல்லாம் காற்றுக் குழாயைச் சுற்றி ஏறி நின்றன. சில நிற்கவில்லை. அந்தச் சில முழுசாகவே கிடந்தன, கையில் எடுத்தால் கனத்தன. சட்டை இல்லை.

கழிமுகத்தில் கடல் தண்ணீர் ஏறும் வரை காத்திருந்து, மோட்டார் போட்டு, மத்தியானம் வரைக்கும் தண்ணீர் மாற்றினோம். கோமதி இடுப்புப் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, விரதத்தை மறந்து, செத்ததை எல்லாம் தன் கையாலேயே பொறுக்கினாள்.

"புண்ணியம் எவ்ளோ சேந்துச்சி?" என்று கேட்டேன்.

"வாய மூடுடி" என்றாள். நான் இன்னொரு வாளியை நீட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை அதே பெண்கள் வந்தபோது கோமதி வாசலில் விளக்குமாற்றோடு உட்கார்ந்திருந்தாள். பொரியை அவளே வாங்கி, அவர்கள் எதிரிலேயே தின்று தீர்த்தாள்.

பின்வாசல் கூடை

சட்டைகளை உள்ளேயே கொஞ்ச நேரம் விட்டுவைப்போம். சிலது தன் சட்டையைத் தானே கடித்துத் தின்னும். மிச்சத்தை எடுத்துப் பின்வாசல் கூடையில் போடுவோம், தென்னைக்கு எருவாகும் என்று.

ஒரு காலையில் நான் தொட்டி கழுவி முடித்து எட்டிப் பார்த்தேன், பின்பக்கம் கம்பத்தடியில் தனசேகர் குனிந்திருந்தார். கூடையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பத்து கல்யாணத்துக்குப் பந்தல் ஆர்டர் கிடைத்த மாதிரி மலர்ந்தது. அதை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டு, கூடையில் முதல் நாளிலிருந்து கிடந்ததை எல்லாம் துண்டில் கட்டிக்கொண்டார்.

மறுநாள் ஊர் முழுக்கச் செய்தி: செசிலியும் கோமதியும் குட்டிகளைக் கொன்று கூடையில் மறைக்கிறார்கள்.

குழுப் பெண்கள் வந்து மொய்த்தார்கள். அவை உரித்த சட்டை என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. பொரி போட்டுச் செத்ததை அவர்களே பார்த்தவர்கள். போதாததற்கு நான் வாய்க்காரி, சண்டைக்காரி. நான் சொன்னால் எவள் நம்புவாள்? எண்ணி அசிங்கப்படுவதைவிட இப்போதே சாவியைக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

"எண்ணுற வரைக்கும் சாவி என் இடுப்புல இருக்கும். வேணும்னா வந்து புடுங்குங்க" என்றேன். யாரும் வரவில்லை.

அன்றையிலிருந்து நான் கூடையில் போடுவதை நிறுத்தினேன். பின்பக்கக் கட்டைச் சுவரில் சட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்தேன், அவர் குனிந்து இடுப்பு வலி வந்துவிடக் கூடாது பாருங்கள். காலையில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும்.

கோமதி முதலில் பயந்தாள். "ஏன்டி அவரு வாயில நீயே அவலப் போடற?"

"போடறேன், மெல்லட்டும்."

நாலைந்து நாள் பார்த்தாள். பிறகு ஒரு காலையில் அவளே சுவரோரம் நின்று, ஒவ்வொரு சட்டைக்கும் மீசையை நீவி நேராக்கிக்கொண்டிருந்தாள். "ஒடஞ்சி போனா அவரு எடுக்கமாட்டாரு" என்றாள்.

எண்ணிய நாள்

மழைக்கு முன்னால் சார் வந்தார். ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். தனசேகர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அரிசிப் பையோடு வந்தார். உட்காருவதற்கு அவரே தன் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டிருந்தார். அவ்வளவு நம்பிக்கை.

எண்ணுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை என்றார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சரசரவென்று சட்டைகள் சிமெண்ட் தரையில் குவிந்தன. கூட்டத்தில் உச்சுக் கொட்டினார்கள்.

"பாத்துக்குங்க. இதெல்லாம் இந்த அம்மாங்க சாவடிச்சது. இவ்ளோ செத்தப்புறம் தொட்டில இன்னா இருக்கும்? தண்ணிதான் இருக்கும்."

கோமதி என் கையைக் கிள்ளினாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

சார் குவியலின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினார். நொறுங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு சிறிசைச் சிறிசோடும் பெரிசைப் பெரிசோடும் பிரித்து அடுக்கினார்.

"அண்ணே, இதெல்லாம் இங்கயே எடுத்ததா?"

"இங்கயேதான். தெனம் நானே என் கையால எடுத்தேன். ஒண்ணு வுடல."

"ரொம்ப நன்றிண்ணே" என்றார் சார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "இது பொணம் இல்ல, உரிச்ச தோல். பாருங்க, இது விட்ட புதுசுல உரிச்சது, இது நடுவுல, இது இப்போ. எந்த அளவுக்கு வளந்துருக்குன்னு வரிசையா வெச்சுக் காட்டிட்டீங்க. எங்க ஆளுங்ககூட இவ்ளோ பொறுமையா சேத்ததில்ல."

போன் எடுத்துப் படம் பிடித்தார். தனசேகரையும் குவியலுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அவரும் வேட்டியைச் சரி செய்துகொண்டு நின்றார்.

அதோடு முடியவில்லை. வளர்ந்தது வேறு, எத்தனை மிஞ்சியது என்பது வேறு. தண்ணீரை முழங்காலுக்கு இறக்கி, ஓட்டை ஒவ்வொன்றாகத் தூக்கி, குட்டிகளை வலைக்கரண்டியால் அள்ளி அண்டாவில் விட்டோம். குட்டி என்று சொல்லக் கூடாது, என் முன்னங்கை நீளத்துக்குச் சிலது வந்திருந்தன. வாலை அடித்து முகத்தில் தண்ணீர் வாரி இறைத்தன. சார் சத்தமாக எண்ணினார். முதல் தொட்டி முடிந்தபோது பாதி எங்கேயோ தூரத்தில் இருந்தது. வாளி வாளியாக வந்த குட்டிகளையும் ஒரு படி பொரியையும் மனசுக்குள் சபித்தேன். கோமதி எண்ணிக்கையைக் கேட்காமல் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

இரண்டாவது தொட்டியில் கடைசி ஓடுகள். ஒன்றின் அடியில் ஒன்றும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. மூலையில் கிடந்த பெரிய குழாயைத் தூக்கினேன், ஒரு கும்பலே உள்ளே ஒட்டிக்கொண்டு இருந்தது. ஒருத்தன் மேல் ஒருத்தன், பஸ்ஸில் தொங்குகிற மாதிரி. குழாயோடு அண்டாவில் கவிழ்த்தேன். சார் எண்ணி முடித்து நிமிர்ந்தார். பாதியைத் தாண்டி மேலே ஒரு கைப்பிடி.

கோமதியின் கையைக் காதிலிருந்து நான்தான் எடுத்துவிட்டேன்.

தனசேகர் தன் நாற்காலிகளை ஒவ்வொன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு போனார். அரிசிப் பையை விட்டுவிட்டுப் போனார்.

இப்போது அந்தப் பை, சட்டைகளோடு, கொட்டகை வாசலில் தொங்குகிறது. திருஷ்டிக்குப் பூசணிக்காய் கட்டலாம் என்று நான் சொன்னேன். இதைவிட நல்ல திருஷ்டிக் காப்பு கிடையாது என்று கோமதி ஆணி அடித்தாள்.

கம்பங்களை அவர் வீட்டுத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார். ஆனாலும் ஒரு நாள் காலை அந்த வழியாக சைக்கிளில் போனார். பழக்கத்தில் தலை பின்பக்கச் சுவரை நோக்கித் திரும்பியது. நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கோமதி வாசலுக்கு வந்துவிட்டாள். தூணைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்க்கவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, இன்னிக்கு ரெண்டு செத்துச்சி. பை எடுத்தாந்துருக்கீங்களா?"